மூன்றாம் வரியில் நின்ற குழல்கள்

திண்டுக்கல்,
28.1.1958

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு மகன் சூசை எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

குடியரசு தினத்தன்று எங்கள் பள்ளிக்கூட பேண்டு முதல்முறையாக ஊரார் முன் வாசித்தது. பிள்ளைகளுக்கு இசை நோட்டு பார்த்து வாசிக்கத் தெரியாது. நான் வாசிப்பதைக் கேட்டே படித்தவர்கள். பாட்டில் மூச்சு அதிகம் வேண்டிய மூன்றாம் வரியில் இருபது புல்லாங்குழலும் சேர்ந்தாற்போல் நின்று, பிறகு தொடர்ந்தன. நயமான நிறுத்தம் என்று தலைமையாசிரியர் பாராட்டினார். நான் அப்படிச் சொல்லித்தரவில்லை.

மாணவன் சோலைமுத்துவிடம் கேட்டேன். “அந்த எடத்துல நீங்க எப்பவும் நிப்பாட்டி இருமுவீகள்ல சார், அதான் நாங்களும் நிப்பாட்டுனோம்” என்றான்.

பயப்பட ஒன்றுமில்லை, தைப்பனிதான். கொஞ்சம் திப்பிலிப் பொடியும், போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது. பிள்ளைகளைத் திருத்த வேண்டும். அந்த வரியை நிறுத்தாமல் வாசித்துக் காட்டத்தான் இன்றைக்கும் முடியவில்லை.

சூசை