பிரேமினியின் நாலாவது குவார்ட்டர்

பெப்ரவரி 1, சனி

மாற்றம் நடக்கவில்லை. நேற்றோடு கெடு முடிந்தது.

எங்கள் ஹட்டன் கூடைப்பந்து அணியிலிருந்து பிரேமினி நோர்வூட்டுக்கு, அங்கிருந்து கேஷிகா எங்களுக்கு என்று டிசம்பரிலேயே பேசியது. இருவரும் கார்ட், பந்தை நடத்திக் கொண்டுபோகிறவர்கள். பிரேமினி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய சம்மதக் கடிதம் மட்டும் வந்து சேரவில்லை. நோர்வூட் கோச் தரணிதரன் போனில், "என்னங்க டீச்சர், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நாளா?" என்றார். தபாலில் தாமதம் என்றேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸில் கிடக்கும், யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. அவரும் நம்பிவிட்டார்.

பெப்ரவரி 2

மழை. இன்று முழுக்க நான் பேசியது பேக்கரியில் "ஒரு பாண்" என்றது மட்டும்தான்.

பெப்ரவரி 5

இரண்டு அணிகளின் ஸ்கோர் கொப்பிகளையும் எடுத்து உட்கார்ந்தேன். ஆறு ஆட்டம். பிரேமினி 82 தடவை எறிந்து 74 புள்ளி. கேஷிகா 48 எறிந்து 58. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்கள் பிரேமினியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஆனால் ஒரு எறிதலுக்கு அவள் 0.9, கேஷிகா 1.2. கேஷிகா கையில் பந்து வீணாவதில்லை. எங்களுக்கு வேண்டியவள் அவள்தான். இது டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். பிறகு ஏன் விட்டேன்?

பெப்ரவரி 8, சனி

பயிற்சி முடிந்து பிரேமினி வழக்கம்போல பஸ்ஸை விட்டுவிட்டு என் அறைக்கு வந்தாள். "அந்த லெட்டர் நேத்துத்தான் கெடச்சிச்சு டீச்சர். கையில குடுத்திருந்தா அன்னைக்கே போட்டுக் குடுத்திருப்பேன். நோர்வூட்னா வீட்டுக்கு நடந்தே போயிருவேன்." குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

அவள் மாமா ஆட்டோ கொண்டுவர ஏழு மணியானது. அதுவரை வாய் ஓயவில்லை. வாரத்தில் இந்த ஒன்றரை மணிநேரம்தான் இந்த அறையில் இன்னொரு குரல் கேட்கிறது.

பெப்ரவரி 9

பிரேமினியின் கணக்கை ஆட்டத்தின் நாலு கால்பாகமாக, குவார்ட்டர் குவார்ட்டராகப் பிரித்தேன். முதல் மூன்றில் 50 எறிதல், 60 புள்ளி. 1.2 — கேஷிகா அளவுக்கே. நாலாவதில் 32 எறிதல், 14 புள்ளி. பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் எறிந்திருக்கிறாள்.

ஆட்டம் முடிவது ஐந்தேகாலுக்கு. அவள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. அவசரப்பட்டால் மட்டும் ஆட்டம் சீக்கிரம் முடியாது என்று தெரிந்தும் மனசு கேட்டிருக்காது. நானோ கோட்டுக்கு வெளியே நின்று "பொறுமை, பொறுமை" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெப்ரவரி 10

ஜனவரியில் மூன்று சனிக்கிழமை அந்தக் கடிதம் என் பையிலேயே இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் எடுக்கவில்லை. பிறகு தபாலில் போட்டேன் — எங்கே போய்க் கிடக்கும் என்று தெரிந்தே. நானும் லயத்தில் பிறந்தவள்தானே.

அவள் போய்விட்டால் சனிக்கிழமை யார் வருவார்கள்? அதற்காகத்தான். வேறொன்றுமில்லை. சே, என்ன மனுஷி நான்.

பெப்ரவரி 12

தரணிதரனிடம் உள்ளதைச் சொன்னேன். மாற்றிக்கொள்ளத்தான் கெடு, பதிலுக்கு ஆள் வாங்காமல் சும்மா விடுவிக்கக் கெடு இல்லை. "இனி கேஷிகாவ தர முடியாதுங்க" என்றார். தெரியும் என்றேன்.

விடுவிப்புக் கடிதத்தோடு பஸ் ஏறி லயத்துக்கே போனேன். "முந்தியத வேணும்னுதான் தபால்ல போட்டேன், பிரேமினி." அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அவளுடைய அம்மா, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார். பிரேமினி கடிதத்தோடு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 1, சனி

யாரும் வரவில்லை.

மார்ச் 22, சனி

நோர்வூட்டில் ஆட்டம். மூன்று புள்ளியில் தோற்றோம். எங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு பிரேமினியின் எறிதல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது ஓடிப் பிடிக்க பஸ் இல்லை; நாலாவது குவார்ட்டரில் பந்தை வைத்துக்கொண்டு, இடம் பார்த்து, அப்புறம்தான் எறிந்தாள். ஐந்து எறிதல், எட்டுப் புள்ளி. முடிந்ததும் வரிசையில் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

எறிதலுக்கு 1.6. கேஷிகாவையும் மிஞ்சிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அறைக்கு வந்து இங்கே எழுதுகிறேன்.