வைத்ததாக நினைத்துக்கொள்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி ஜெபர்சனுக்கு அக்கா ஜூலி எழுதுவது.

ஸ்தோத்திரம். அம்மா பழக்கிய பழக்கம், அதனால் எழுதுகிறேன், மனதிலிருந்து வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வியாழக்கிழமை தோஹா வருகிற கார்முகில் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ அனுப்பிய சென்ட் பாட்டிலும் அவனிடம் இருக்கிறது, வாங்கிக்கொள். கை போன என் புருஷனுக்கு சென்ட் அனுப்ப உனக்கு எப்படித்தான் தோன்றியதோ. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டாதே.

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. சர்ச்சில் யார் விசாரித்தாலும் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

உன் மாமாவுக்குக் காயம் ஆறிவிட்டது. வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, எல்லாரும் எழுந்த பிறகு உட்காருகிறார். கேபிள் டெஸ்ட் முடிந்து கரண்டை நிறுத்தினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். எர்த் ராடை வைத்து அதை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இது தெரிந்தும் நான் எப்படி மறந்தேன் என்று இரண்டு மாதமாகத் தன்னையே திட்டிக்கொள்கிறார். கம்பெனிக்கு நீயும் மெயிலில் அதையேதான் எழுதியிருக்கிறாய்: முறையாகப் பயிற்சி கொடுத்தேன், அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று. நானும் நம்பினேன். அவர்மேல் எரிந்துகூட விழுந்தேன்.

இவருக்குப் பதிலாக என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரகடத்தில் நீ பாடம் நடத்திய அதே யார்டில் போன திங்கட்கிழமை முதல் எங்களுக்குப் பயிற்சி. பன்னிரண்டு பெண்கள். நடத்துகிறவர் உன்னிடம் படித்த எல்லப்பன். எர்த் ராடு எங்கே என்று கேட்டேன். ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கிறதாம், ஆடிட்டுக்கு ஆள் வந்தால்தான் எடுப்பார்களாம். இங்கே கிடப்பது கரண்டே ஏறாத துண்டுக் கேபிள்தானே என்று சிரித்தார். வெறுங்கையைக் கேபிள் முனையில் காட்டிவிட்டு, “வெச்சதா நெனச்சிக்கினு அடுத்த ஸ்டெப்புக்குப் போங்க. ஜெபர்சன் சார் எங்களுக்கு இப்டித்தான் சொல்லிக் குடுத்தாரு” என்றார்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, விபத்து நடந்த நாளில் என்ன செய்தீர்கள், செய்து காட்டுங்கள் என்று இவரைக் கேட்டேன். இருக்கிற கையைத் தூக்கிக் காற்றில் ஒரு தொடு தொட்டார். உடனே அந்தக் கை கேபிளை இணைக்கப் போய்விட்டது. ராடு எங்கே என்றேன்.

“அதான் வெச்சேனே ஜூலி” என்றார்.

சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவர் அழுததை உனக்கு எழுத மாட்டேன்.

அவர் மறக்கவில்லையடா. நீ பழக்கியதை அப்படியே செய்தார். ராடு அன்றைக்கு வண்டியிலேயே கிடந்ததாம், யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. மச்சான் பேர் கெட்டுவிடும், இதை வெளியே சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சுகிறார். அவருக்கு இருக்கிற மனசு உனக்கு இல்லாமல் போச்சே.

பீரோவைத் திறந்து ராடை எடுக்கும்வரை, நாளை முதல் கேபிள் பக்கம் போக மாட்டேன் என்று எல்லப்பனிடம் சொல்லிவிட்டேன். கூடப் பயிற்சி எடுக்கிற கங்காவும் பாப்பம்மாளும் என்னோடு நிற்கிறார்கள். வேலை போனால் போகட்டும்.

இருபதாம் தேதி விசாரணை. உன் மெயிலை வைத்துப் பழியை இவர் தலையில் கட்டி முடிக்கப் போகிறார்கள். அதற்குள், ராடு இல்லாமல்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நீ கம்பெனிக்கு எழுத வேண்டும். உன் வேலைக்கு ஆபத்து வரும், தெரியும். வரட்டும்.

கர்த்தர் உன் இரண்டு கைகளையும் காப்பாராக. இதை மட்டும் மனதாரச் சொல்கிறேன். அந்தக் கைகளால் ஒரே ஒரு வரி எழுது. எழுதியதாக நினைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
சாலமோனின் மனைவி
ஜூலி