ஒப்பீட்டுப் பள்ளி

முத்தையாபுரம்,
14.3.2025

அன்புத் தங்கச்சி பேச்சிச்செல்விக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வாசிப்புத் திட்டத்தின் முடிவு வந்துவிட்டது. ஆய்வு நடத்திய சிவபாலன் சார் பள்ளிக்கே வந்து சொன்னார். வாசிப்பு அட்டைகளை வைத்து ஒரு வருடம் சொல்லிக்கொடுத்ததில் என் மூன்றாம் வகுப்பு நன்றாக முன்னேறியிருக்கிறதாம். ஆனால் திட்டமே இல்லாத ஒப்பீட்டுப் பள்ளி, அதாவது ஓட்டப்பிடாரத்தில் உன் பள்ளி, அதுவும் அதே அளவு முன்னேறியிருக்கிறதாம். அப்படியென்றால் திட்டத்தால் பலனில்லை, ஜூனிலிருந்து நிறுத்திவிடலாம் என்கிறார்.

அவர் கணக்கு எப்படிச் சரியாக வரும்? அட்டைகள் வெளியே போகாது என்று கையெழுத்துப் போட்ட நானே, நீ ஆசையாகப் பார்த்தாய் என்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேனே. அதிரசம் சுட்டால்கூட உனக்குப் பாதி எடுத்துவைத்தே பழகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். தலைமையாசிரியை ஞானபாய் டீச்சர் மே மாதம் ஓய்வு பெறுகிறார், அடுத்து நான்தான் என்று பேச்சு. அது ஞாபகம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறதடி. பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள், என்னால் அவர்களுக்கு அட்டைகள் இல்லாமல் போகப்போகிறது.

உன் அக்கா,
சந்தனச்செல்வி

ஓட்டப்பிடாரம்,
19.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நீ ஏன் தவிக்க வேண்டும்? சார் கணக்கில் தப்பில்லை. நாம் அவரிடம் மறைத்ததுதான் தப்பு. அதனால் நேற்றே அவருக்கு எழுதிவிட்டேன். உங்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, உனக்குத் தெரியாமல் நான்தான் அட்டைகளை எடுத்து ஜெராக்ஸ் போட்டேன் என்று.

நீ மறுக்காமல் இருந்தால் போதும். என்னைப் போன்ற தற்காலிக ஆசிரியைக்குப் பதவி உயர்வா கெட்டுப்போகிறது? நீ கொடுத்ததால்தான் என் வகுப்பே வாசிக்கிறது, அதற்காக நான் வருத்தப்படமாட்டேன். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கச்சி,
பேச்சி

முத்தையாபுரம்,
16.4.2025

பேச்சிக்கு,

நேற்று இரவு உன் போனை எடுக்காதது கோபத்தால் அல்ல. பகலில் இதைப் பற்றிப் பள்ளியில் கூட்டம் நடந்தது. உன் பள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள். திட்டம் இன்னும் ஒரு வருடம் நடக்கும். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதும் அங்கேதான் என் காதில் விழுந்தது. நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

அதற்குப் பிறகாவது நான் பேசியிருக்க வேண்டும். ஞானபாய் டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "ஏளா சந்தனம், ஒன் தங்கச்சி ஒனக்குத் தெரியாமத்தான் எடுத்தாளா? நெசத்தச் சொல்லு" என்று கேட்டார்.

"ஆமா டீச்சர், எனக்குத் தெரியாது" என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு முகமில்லை. கூட்டம் முடிகிறபோது, திட்டம் நடந்த எல்லாப் பள்ளியிலும் என் வகுப்புதான் முதல் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சந்தனச்செல்வி