வலம் என்று எழுதிய என்ஜின்

என் செல்வனுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. நல்ல சேதி சொல்லத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். நடக்கவில்லை. பயமாக இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

நீ படகு மெக்கானிக்காக இருந்த ஹோட்டல்காரர்கள் உனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பவளப்பாறையில் மோதி உடைந்த மீன்பிடிப் படகின் இரண்டு என்ஜின்களில் ஒன்றை, என்ஜின் இல்லாமல் நீ விட்டுப்போன காருக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டும் ஏழு லிட்டர் பிக் பிளாக், படகுக்கு மாற்றிய பெரிய கார் என்ஜின்கள். இந்தத் தீவில் மூன்றாவது ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

படகின் இடப்பக்கம் இருந்த என்ஜினின் மூடியில் மஞ்சள் பெயிண்டில் "வலம்" என்று எழுதியிருந்தாய். மற்ற மெக்கானிக்குகள் படித்துவிடக் கூடாது என்று தமிழில் எழுதினாய், சரி. இடப்பக்கத்தில் இருப்பதன் மேல் வலம் என்றா எழுதுவது? இவனுக்கு வலது, இடது தெரியாது, வலப்பக்க என்ஜினைத்தான் மனதில் வைத்திருந்தான் என்று நானே முடிவு கட்டினேன். அதில் துருவும் குறைவு. அதையே எடுத்தேன்.

நீ இருந்திருந்தால் "தம்பி, ரெண்டு நிமிஷம் நில்லு" என்றிருப்பாய். நான் நின்றிருப்பேனா?

ஞாயிற்றுக்கிழமை ரிவியேர் டு ராம்பாரில் உன் வீட்டு முற்றத்தில் ஸ்டார்ட் செய்தேன். மாலினி அண்ணி உன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார். "முன்னால நிக்காதீங்க அண்ணி, பின்னால போங்க" என்றேன். நான்தான் சொன்னேன், செல்வா. அந்த என்ஜின் சத்தத்தில் குழந்தை கைதட்டியது. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன்.

கார் பின்னால் பாய்ந்தது.

"அயோ!" என்று அண்ணி அலறியது மட்டும் காதில் விழுந்தது. உங்கள் கிரியோலுக்கும் என் கோயமுத்தூருக்கும் பொதுவாக இருந்த சில சொற்களில் அது ஒன்று. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் பம்பர் அண்ணியின் பாவாடையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தது. துணியை மட்டும். குழந்தை இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

படகு ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க ஒரு என்ஜினை எதிர்த்திசையில் சுற்றும்படி செய்வார்களாம். நான் எடுத்தது அதை. எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தீவுக்கு வந்து ஆலையில் நான் பார்ப்பது பின்னல் இயந்திரங்களின் மோட்டார். இரண்டு வயரை மாற்றினால் திசை மாறிவிடும். படித்த படிப்பு அவ்வளவுதான்.

"செல்வன் 'வலம்'னு எழுதி வெச்சு என்னைக் கவுத்துட்டான் அண்ணி" என்றேன். பழியை உன் மேல் போட்டேன், மன்னித்துவிடு.

அண்ணி கேட்டார் (நாங்கள் பேசுவது கிரியோலில்தான், தமிழாக்கி எழுதுகிறேன்): "ஏன் தம்பி, வலம்னா என்னான்னு நினைச்சே?"

"வலது பக்கம்."

"அதுக்கு நாங்க 'அத்ருவாத்'னு சொல்வோம். யாரு இங்க வலதுங்கிறா? வலம்னா கோயில்ல சாமியைச் சுத்துறது. அது ஒண்ணுதான் எங்களுக்குத் தெரியும்." பிறகு, "உனக்குத் தமிழ் ரொம்பத் தெரியும், அதான் கஷ்டம்" என்றார். சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஹோட்டலுக்கு ஓடினேன். நீ எழுதிய என்ஜின் இன்னும் அங்கேயே கிடந்தது. மாற்றிக்கொண்டேன். முன்பக்கம் நின்று, ஸ்பானரால் கையாலேயே சுற்றி, வால்வுகள் திறந்து மூடும் வரிசையைப் பார்த்தேன். என்ஜின் எந்தப் பக்கம் சுற்றும் என்று அந்த வரிசை காட்டிவிடும்: கடிகாரச் சுற்று. சாமியைச் சுற்றும் சுற்று. கார் கேட்கும் சுற்றும் அதுதான். நீ பக்கத்தை எழுதவில்லை, திசையை எழுதியிருக்கிறாய். ஏழு முறை சுற்றிப் பார்த்துவிட்டேன். ஏழு முறையும் சரி. இருந்தாலும் எட்டாவது முறை சுற்றிப் பார்க்கப் போகிறேன்.

நாளைக் காலை ஸ்டார்ட் செய்ய வேண்டும். "வேணாம்னா விட்டுடு" என்கிறார் அண்ணி. ஆனால் சுவரில் பதிந்த பம்பர் தடத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறார். அது போகவில்லை. காரை இப்படியே விட்டால் அந்தத் தடம் மட்டும்தான் நான் உன் வீட்டுக்குச் செய்ததாக இருக்கும்.

பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டேன். முதலில் காற்றில் சுற்றட்டும். முன்னோக்கிச் சுற்றினால்தான் தரையில் இறக்குவேன். அப்போதும் முன்னாலும் பின்னாலும் யாரும் இருக்கமாட்டார்கள். அண்ணியும் குழந்தையும் வீட்டுக்குள், கதவு சாத்தி. இனி நீ எழுதி வைத்த எதையும் அண்ணியிடம் கேட்காமல் நான் படிக்கமாட்டேன். இது சத்தியம்.

உனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்றான,
தம்பி