அப்பாவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை

அதியமான்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சோபனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மாடு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம், புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா போனில் சொன்னாளாமே, அது பச்சைப் பொய் கண்ணு. சீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதுவார்களே, பதினாறு வருஷமாக அடங்கிக் கிடந்த அந்த மனவியாதிதான் திரும்ப வந்துவிட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வீடு வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அம்மா என் மாத்திரை டப்பாவைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்தாள் இல்லையா, அவர்கள் போன பிறகும் நான் அதை எடுக்கவே இல்லை. போட்டாச்சுங்களா என்று தினமும் கேட்பாள், ஆச்சு ஆச்சு என்பேன். கை நடுக்கம் நின்றது, சட்டையில் சிந்தாமல் காபி குடித்தேன், உன் கல்யாணத்தில் வாய் பிளந்து தூங்காமல் ஜம்மென்று நிற்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். அப்புறம் ராத்திரித் தூக்கமும் போயிற்று. ஒன்றரை மாதத்தில், பக்கத்து வீட்டுச் சென்னப்பனின் டிஷ் ஆன்டெனா நான் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்! ஏணி போட்டு ஏறி அதன் தலையில் புண்ணாக்குச் சாக்கைக் கவிழ்த்துக் கட்டினேன். அவன் வந்து, ஏம்பா, ஒட்டுக் கேக்கற அளவுக்கு நீ என்னாத்தப்பா பேசற, தக்காளி வெலைதானே என்றான். நியாயமான கேள்வி, அன்றைக்குப் புரியவில்லை. அம்மாவையும் நம்பாமல் அவள் போட்ட சோற்றை மூன்று நாள் தொடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. கடைசியில் சென்னப்பன்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனான்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். நடுக்கத்தை எங்கிட்ட சொன்னா அளவ மாத்தித் தரமாட்டேனா, நீங்களா நிறுத்தலாமா, சர்க்கரைக்காரங்க நிறுத்தறாங்களா என்றார். சர்க்கரைக்காரன் சென்னப்பன் நிறுத்திட்டானுங்க என்றேன். இப்போது மருந்தை மாற்றியிருக்கிறார், கை கொஞ்சம்தான் ஆடுகிறது. இந்தக் கோணல் எழுத்துக்கு அதைக் குறை சொல்லாதே, பள்ளிக்கூடத்திலேயே என் எழுத்து இப்படித்தான்.

கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க என்கிறாள் அம்மா. என்னால் உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு கண்ணு. மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட்டால் ஒரு நாள் போடாமல் விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன் கல்யாணப் பந்தியில் எல்லாரும் பார்க்க மாத்திரையைப் போட்டுவிட்டுப் பாயசம் குடிக்க வேண்டும், வேறு ஆசை இல்லை.

தீர்த்தமலை சாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை. மாப்பிள்ளையிடம் சொன்ன அன்றே போன் செய். அவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, அன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் போனை எடுப்பேன்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
சென்றாயன்