எந்த ஊரை இருட்டாக்குவது

இன்று காலை வீட்டில் ஃப்யூஸ் போனது. கம்பி கருகிய வாசனை வந்ததுமே உன் ஞாபகம். பீங்கான் ஃப்யூஸ் கட்டை விற்றே தொப்பை வளர்த்தவன் நான். என் வீட்டு ஃப்யூஸைப் போட இன்னும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுகிறேன். நீ இருந்தால் இதை ஜங்ஷன் வரைக்கும் பரப்பியிருப்பாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊர் ஊருக்கு ஃப்யூஸ் கட்டை செய்து அனுப்பிய நம் விருத்தாசலத்தில்தான் கரண்ட் தங்காது. நீ சென்னையில், மின்சாரத்துக்குத் திட்டம் போடும் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் போக வேண்டும் என்று சொன்னாய். நம் கோயில் பழமலைநாதருக்கு அடுத்த சந்நிதி அதுதான் என்று நான் ஊரெல்லாம் கதை கட்டினேன்.

இருக்கிற மின்சாரம் போதாது. எங்கே நிறுத்தினால் நஷ்டம் குறைவு என்று அந்தப் பெட்டி கணக்குப் போடும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மணி நேர இருட்டின் நஷ்டத்தை நீதான் அதற்குச் சொல்ல வேண்டும். பெரிய மில் உள்ள ஊருக்குப் பெரிய எண். நமக்குச் சின்னது. அது திரும்பத் திரும்ப நம் ஊரையே காட்டியது.

உன் அக்கா வீட்டுக்காரர் நீ சொல்லித்தான் விறகுச் சூளையை விட்டுக் கரண்ட் சூளைக்கு மாறியிருந்தார். பொங்கலுக்கு நீ வந்தபோது, நடுவில் கரண்ட் நின்று பாதி வெந்து வெடித்த பீங்கான் பொம்மைகளைத் தட்டில் அடுக்கி, பலகாரம் மாதிரி உன் முன்னால் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“நம்ம ஊர் நம்பரை மட்டும் கொஞ்சம் ஏத்திப் போடுங்க தம்பி. இன்னொரு வாட்டி இப்படிப் போச்சுன்னா சூளைய மூடிட வேண்டியதுதான்.”

“நம்ம ஊரை ஏத்துனா அது வேற ஊரை இருட்டாக்கும் மாமா. அங்கயும் எவனுக்காவது அக்கா இருப்பா.”

அக்கா எழுந்து உள்ளே போனாள். அதற்கப்புறம் உன்னோடு பேசவேயில்லை.

அடுத்த கோடையில் சூளை மூடியாயிற்று. மாமா வெளியூர் மில்லுக்குக் கூலி வேலைக்குப் போனார். சில வருஷத்தில் நீயும் மாரடைப்பில் போய்விட்டாய். அக்கா உன் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய்க்கரிசி போட்டுவிட்டு மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். “நான் இருக்கிற ஊர்ல கரண்ட்டே போவறதில்லீங்க. தம்பி நம்பரைச் சரியாத்தான் போட்டிருக்காரு,” என்றார். கிண்டலா, இல்லையா, இன்றுவரை தெரியவில்லை. ஊர் வம்பெல்லாம் அளக்கும் நான் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து உன்னோடு சண்டைதான். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் மில்லுக்கு ஒரு மணி நேர நஷ்டம்டா. சூளைக்கு உள்ளே இருக்கிற அத்தனையும் நஷ்டம். ஏத்திப் போட வேண்டாம், உள்ளதைப் போட்டிருக்கலாமே? பஸ்ஸில் கேட்கிறேன், டீக்கடையில் கேட்கிறேன். நீ இருந்த காலத்தில் உன்னிடம் பேசி நான் ஜெயித்ததே கிடையாது. இப்போது தினமும் ஜெயிக்கிறேன்.