பிரஸ் மெஷின் நிற்கவில்லை, தேவகி

என் அன்புத் தேவகிக்கு,

நீ டெங்குக் காய்ச்சலில் எங்களை விட்டுப் போனபிறகு உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், மற்ற புரோகிராம்களை எழுப்பவும் தூங்கவைக்கவும் நாம் எழுதிய கெர்னல் ஓடுகிறதே, தகடு வெட்டும் பிரஸ் மெஷினில்? ஆளின் கை உள்ளே போனால் சென்சார் பார்த்துவிடும். உடனே கெர்னல் ஒரு சிக்னல் கொடுத்து, மெஷினை நிறுத்தும் புரோகிராமை எழுப்பவேண்டும். போன மாதம் ஒருநாள் அது எழவில்லை. மஞ்சுளா என்கிற ஆபரேட்டர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கையுறையின் நுனி மட்டும் மாட்டிக்கொண்டது.

அந்தக் கையுறையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்கள். நுனி காகிதம்போல் நசுங்கியிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோறு இறங்குமா, சொல்லு?

"சென்சார் கோளாறா இருக்கும் கலா. வேற சென்சார் மாட்டி ஓட்டச் சொல்லிடலாமா?" என்றார் நம் மேனேஜர்.

"வேணாம் சார். என்னன்னு தெரியாம ஓட்டவேணாம்." என்றேன்.

மெஷினை நிறுத்திவைத்தார்கள். ஆனால் இங்கே ஆபீஸில் கெர்னலை எத்தனை முறை ஓட்டினாலும் அந்தத் தப்பு வரவே மாட்டேனென்றது. கடைசியில் கெர்னலின் வரிகளுக்கு நடுவே வேண்டுமென்றே தாமதம் வைத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. புரோகிராம், சிக்னல் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லையென்றால் தூங்கப்போகிறது. பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. சரியாக அந்த இடுக்கில் சிக்னல் வந்தால், அது வந்ததே தெரியாமல் தூங்கிவிடும்.

அந்த வரிகளின் மேல், எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர்.

"தேவகி எழுதினதா?" பின்னால் நின்றிருந்த மேனேஜர் கேட்டார்.

"ஆமா சார். இருந்திருந்தா அவளே கண்டுபிடிச்சிருப்பா."

நீ எழுதவில்லையென்று பொய் சொல்லியிருக்கவேண்டுமா நான்?

பார்ப்பதையும் தூங்குவதையும், நடுவே எதுவும் நுழைய முடியாத ஒரே வேலையாக மாற்றினேன். பீன்யாவுக்குப் போய் மரக்கட்டையை உள்ளே நீட்டி நீட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மெஷின் நின்றது. பிறகு மஞ்சுளா வந்து மெஷின்முன் உட்கார்ந்தார்.

"பயந்துக்கினு கீறீங்களா மேடம்?"

"ஆமாங்க. உங்களுக்கு?"

"கை என்னுது மேடம், பயம் இல்லாம இருக்குமா? கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க."

நின்றேன். பிரஸ் இறங்கும்போதெல்லாம் என் விரல்கள் தாமாக மடங்கின. ஷிஃப்ட் முடிந்து அவர் குழாயடியில் இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் பயம் போகவில்லை, தேவகி. இதே மாதிரி இடுக்கு வேறெங்கே இருக்கிறது? நீ எழுதியதில் மட்டுமா, நான் எழுதியதிலுமா?

புரோகிராம் தூங்கப்போகும் ஒவ்வொரு இடத்தையும் திறந்து பார்க்கப்போகிறேன். பார்த்து முடிக்கும்வரை இன்னொரு மெஷினில் நம் கெர்னலை ஏற்ற விடமாட்டேன். நான் திருத்திய அந்த வரிகளின் மேல் உன் பெயர் அப்படியே இருக்கும். அதை யாரும் எடுக்கவும் விடமாட்டேன்.

நீ அக்கா என்று கூப்பிட்ட
கலா